கடிக்காத மாடு

1. நாய் ஆஸ்பத்திரி

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நாயைப் பார்ப்பதற்கு முன்னால் நாய் கடித்த மனிதரைத்தான் பார்த்தேன்.

துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே போனால் எங்கள் காப்பகம் இருந்தது. மில் வைத்திருந்த ஒரு குடும்பம் கொடுத்த இடம். முன்னால் ஓட்டுக் கட்டடம், பின்னால் நாய்களுக்குக் கூண்டுகள், அதற்கும் பின்னால் வயசான மாடுகளுக்கு ஒரு கொட்டகை. பெயர்ப்பலகையில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கும். அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. சுற்றுவட்டாரத்துக்கே அது ‘நாய் ஆஸ்பத்திரி’தான்.

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அதனால் ஆபீஸ் வேலைக்கு எடுத்திருந்தார்கள். காலையில் போய் டைப்ரைட்டர் மேலிருந்த உறையை எடுத்து மடித்து வைத்தேன். உடனே ஃபோன் அடித்தது.

“ஏனுங்க, நாய் ஆஸ்பத்திரிங்களா?”

“ஆமாங்க.”

“எங்க ஐயனை நாய் கடிச்சுப்போட்டுதுங்க. அங்க கூட்டியாரட்டுங்களா?”

இது நாய்க்கு வைத்தியம் பார்க்கிற இடம், மனிதருக்கு இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தார்கள்.

“கடிச்சது நாய்தானுங்களே?”

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே கடிபட்டவர், இரு பக்கமும் மகன்கள். கெண்டைக்காலில் காப்பித்தூளை அப்பி, அதன் மேல் சுண்ணாம்பு பூசி, அதன் மேல் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். கையில் மந்திரித்த கயிறு வேறு. இவ்வளவும் செய்தவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை.

எங்கள் டாக்டர் ஜெகநாதன் வெளியே வந்தார். கால்நடை டாக்டர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வெளியில் எங்கள் எல்லோரையும்விடக் கொங்குத் தமிழ் பேசுகிறவர். அவர் அந்தப் பெரியவரைத் திட்டவில்லை. நேராகக் குழாயடிக்குக் கூட்டிப் போய்க் கல்லில் உட்கார வைத்தார். துணி சோப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“அம்மணி, தண்ணி கொட்டிட்டே இருக்கோணும். நான் போதும்னு சொல்ற வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு.”

டைப் அடிக்க வந்தவள் நான். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஆம்பளை காலைக் கழுவியதில்லை. மனதுக்குள் வந்த கோபத்தை எழுத முடியாது. ஆனாலும் கழுவினேன். கழுவி முடித்ததும் டாக்டரே ஆட்டோக்காரரிடம் சொல்லி அவர்களை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பயந்துட்டியா? வெறிநாய்க்கடி இருக்குதே, அது வந்த பொறவு இந்த ஒலகத்துல மருந்து கெடையாது. வாரதுக்கு முன்னாடிதான் மருந்து. அதுல மொத மருந்து இந்தச் சோப்புதான்.”

இப்போது காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் பழைய கதையை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். எதையாவது ஞாபகம் வைப்பதானால் இந்தச் சோப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கதை.

2. பாக்கலாமுங்க

கொஞ்ச காலத்திலேயே டைப்ரைட்டர் உறைக்குள் தூங்க ஆரம்பித்தது. டாக்டரோடு வேனில் போவதுதான் என் வேலை என்று ஆகிவிட்டது. பழைய மெட்டடார் வேன். டிரைவர் ரங்கசாமி அதை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவார். கும்பிட்டும் கிளம்பாத நாள்களில் நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி. காலையில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று முகத்தில் அடிக்கும். வேன் முழுக்க பினாயில் வாசனை. ஐஸ் பெட்டியில் மருந்து, கூடையில் பழைய பன். மைக் என் கையில். “உங்கள் வீட்டு நாயையும், உங்கள் வாசலில் சோறு தின்னும் நாயையும் கொண்டு வாருங்கள்” என்று கத்திக்கொண்டே போவேன். ஊசி நாய்க்கா மனிதருக்கா என்று தெரியாமல் பாதி ஊர் கதவைச் சாத்தும். மீதி ஊர் நாயோடு வரும். பத்து நாய்க்கு ஒன்பதுக்குப் பெயர் மணி. ‘மணி’ என்று கூப்பிட்டால் வரிசையே திரும்பிப் பார்க்கும். அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. சம்பளம் சொல்லும்படி இல்லை, முதுகு வலி மட்டும் நிறைய. இருந்தாலும் அவ்வளவு சிரித்த காலம் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான பாஷை ஒன்று உண்டு. நம் பக்கத்துக்காரர்கள் எதற்கும் மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். “நாயைப் புடிச்சுட்டு வாங்க” என்றால், “ஆகட்டுமுங்க, வாங்க உக்காருங்க, மோரு குடிக்கறீங்களா?” என்பார்கள். இரண்டாம் தடவை கேட்டால், “பாக்கலாமுங்க.” ‘பாக்கலாமுங்க’ என்றால் நடக்காது என்று அர்த்தம். இது புரிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதற்குள் நான் குடித்த மோருக்குக் கணக்கே இல்லை.

சண்டை போடுகிறவனைக் கூட வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். இப்படி மரியாதையாக மறுக்கிறவரை என்ன செய்வது? சென்னியப்பன் அண்ணன் கதை அதுதான்.

3. கை ராசி

மாங்காய் சீசன் முடிகிற நேரம். ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஃபோன் வந்தது. பேசியவர் மூச்சு வாங்கினார்.

“தொண்டைல மாங்கொட்டை சிக்கிப்போச்சுங்க. ரெண்டு நாளாத் தண்ணி எறங்கலீங்க. கத்திட்டே இருக்குதுங்க.”

“யாருக்குங்க?”

“மாட்டுக்குங்க!”

வேனை எடுத்தோம். கிழக்கே போய், இரண்டு பக்கமும் கள்ளி வளர்ந்த இட்டேறி வண்டிப்பாதைக்குள் நுழைந்து, ஒரு தோட்டத்தில் போய் நின்றோம். ஊடு, கிணறு, மாடு கட்டும் கட்டுத்தரை என்று எல்லாம் ஒன்றாக இருக்கும் சாதாரணத் தோட்டம். வேப்பமரத்தில் கட்டியிருந்தது ஒரு கலப்பு மாடு, நல்ல கறவை. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரை வரைக்கும் தொங்கியது. கத்திய குரல் மாட்டுக் குரல் மாதிரியே இல்லை. கோயில் திருவிழா முடியும் வரை மைக் பிடித்துக் கத்தியவன் தொண்டை போலக் கம்மிப்போயிருந்தது. முன்னால் தொட்டியில் தண்ணீர். அதில் முகத்தை வைக்கிறது, விழுங்க முடியாமல் தலையை உதறுகிறது.

சுற்றிலும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கைகட்டி நின்றார்கள். நடுவில் ஒருவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வலது கையில் தோள் வரைக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஒல்லியான நீளமான கை. தோட்டத்துக்காரர் அவர்தான், சென்னியப்பன். ஐம்பது வயசு இருக்கும். ஒருவர் மாட்டின் நாக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ள, இவர் கையை வாய்க்குள் கொண்டு போனார்.

“கைய எடுங்க!” என்று டாக்டர் கத்தினார். அவர் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. மாட்டை விட்டு எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

நாக்கைப் பிடித்திருந்தவர் அடுத்த தோட்டத்துக்காரர். அவர் எங்களுக்கு விளக்கம் சொன்னார். அவர் பேச்சில் பெருமை வழிந்தது.

“சென்னியப்பண்ணன் கைக்கு வராதது எதும் இல்லீங்க டாக்டர். மாங்கொட்டை, தேங்காச் சில்லு, கெழங்கு, என்ன சிக்குனாலும் எடுத்துப்போடுவாருங்க. அக்கட்டால இருக்கற ஊர்ல இருந்தெல்லாம் வந்து கூட்டிட்டுப் போவாங்க. கை ராசிங்க. இதுக்குத்தான் நேத்தைக்கு ரெண்டு தடவை, இன்னைக்கு ஒருக்கா உட்டும் கைக்கு எதும் மாட்ட மாட்டேங்குதுங்க.”

ஊரே புகழ்ந்த விஷயத்தைக் கேட்டு டாக்டர் முகம் வெளிறிப்போனது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. “இங்க வெறிநாய் எதும் வந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

அவர்களுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன மாசமோ அதற்கு முன் மாசமோ, இட்டேறி வழியாக ஒரு நாய் வந்து ஆட்டைக் கடித்ததாகவும், கட்டுத்தரைப் பக்கம் ஓடியதாகவும், அடித்துப் போட்டதாகவும் ஒருவர் சொன்னார். ஆடு என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டார். “அதும் போச்சுங்க” என்றார்கள்.

தொண்டையில் மாங்கொட்டை இல்லை. வெறி பிடித்த மாட்டுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், விழுங்க வராது, எச்சில் வழியும், குரல் கம்மும். பார்க்கிறவருக்கு ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரியே இருக்கும். மாடு வளர்க்கத் தெரியாதவன் என்றால் பயந்து தள்ளி நிற்பான். மாடு வளர்க்கத் தெரிந்தவர், அதன் மேல் பாசம் உள்ளவர், கையை விட்டுப் பார்ப்பார். அந்த எச்சிலில்தான் விஷம் இருக்கிறது.

கை விட்டவரையும் நாக்கைப் பிடித்தவரையும் டாக்டர் குழாயடிக்கு அழைத்தார். சென்னியப்பன் அண்ணன் கைக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். சோளப்பயிர் அறுத்த கை. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் கீறல் கீறலாக இருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சோப்பை அப்பினேன். அவரோ சிரித்த முகத்தோடு, “பொறகால டீ குடிச்சுட்டுப் போங்க” என்றார்.

மாட்டுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். காப்பகம் நெருங்கும்போது டாக்டர் சொன்னார்.

“மாடு போயிரும் அம்மணி. அது இனி நம்ம கையில இல்லை. அந்த ஆளு போயிரக் கூடாது.”

4. பால் குடித்தவர்கள்

மறுநாள் மாடு செத்தது. பரிசோதனைக்கு எடுக்க வேண்டியதை டாக்டர் கையுறை போட்டு எடுத்தார். ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னோம். அதற்குள் செய்தி பரவி, அந்தத் தோட்டத்தில் பால் வாங்கிய அத்தனை வீட்டுக்காரர்களும் வந்து வேனைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் ஊசி வேண்டும், இப்போதே வேண்டும்.

“நான் அந்தப் பால்ல காப்பி குடிச்சுட்டனுங்க!”

“காய்ச்சுன பாலுதானுங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“காய்ச்சாம ஆராச்சும் காப்பி போடுவாங்களாங்க?”

“அப்பப் பயமில்லீங்க. பச்சப் பாலு குடிச்சவங்க மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுக்கங்க.”

ஒரு அம்மா அந்த மாட்டுச் சாணியில் வாசல் தெளித்துவிட்டதாகச் சொல்லி அழுதார். டாக்டர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஆபத்தில்லாத ஊர் முழுவதும் ஊசிக்கு அடித்துக்கொள்கிறது. ஆபத்தில் இருக்கிறவர் வேப்பமரத்தடியில் நின்று, இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

நாக்கைப் பிடித்திருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் புத்திசாலி. முந்தின நாளே மொபெட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சென்னியப்பன் அண்ணனிடம் டாக்டர் போனார்.

“ஏனுங்க, நீங்க இன்னும் போகலியா?”

“மாடு கடிக்கலீங்களே டாக்டர்.”

“கடிக்கோணும்னு இல்லீங்க. எச்சல் கீறல்ல பட்டாலே போதும்.”

“கடிச்சிருந்தா இந்தக் கை இருக்குமுங்களா? நான் கை உட்டப்பக்கூட அது பல்லு படாம வாயத் தொறந்து குடுத்துதுங்க. எம்புள்ளையாட்டம் வளத்தது. எனக்கு அது கெடுதல் செய்யுமுங்களா?”

டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கடைசியில் பதில் வந்தது: “பாக்கலாமுங்க.”

காப்பகத்தில் ஆபரேஷனுக்காக ஒரு நாய் காத்திருந்தது. டாக்டர் யாருடைய வண்டியிலோ ஏறிக்கொண்டு, “நீ இருந்து பேசிட்டு வா அம்மணி” என்று என்னையும் ரங்கசாமியையும் விட்டுவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. நான் ஊட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். மோர் வந்தது. குடித்தேன்.

அந்தக் காலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி வேறு. தொப்புளைச் சுற்றி வயிற்றில், தினம் ஒன்றாகப் பதினாலு ஊசி. போட்ட இடம் வீங்கும், அரிக்கும், வலிக்கும். இப்போது கையில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. அன்றைக்குப் ‘பதினாலு ஊசி’ என்று சொன்னாலே ஆள் எழுந்து போய்விடுவான். அதனால் அந்தப் பேச்சை எடுக்காமல் சுற்றி வளைத்தேன்.

“ஏனுங்ணா, எனக்காக ஒருக்கா வாங்க. வேன் சும்மாதான் நிக்குது.”

“ஆகட்டுமுங்க டாக்டரம்மா.” நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பக்கத்தில் நான் டாக்டரம்மாதான்.

“எப்பங்ணா?”

“சோளம் அறுத்துட்டு இருக்குதுங்க. முடியட்டுமுங்க. பாக்கலாம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “சோளத்தை ஆரு வேணாலும் அறுப்பாங்க. நீங்க போய்ட்டா உங்க ஊட்டுல ஆரு இருக்கா?” என்று கேட்டுவிட்டேன். பெரிய மனிதரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. இன்னொரு டம்ளர் மோர் கொண்டு வரச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மோரைக் கொண்டு வந்தது அவர் மனைவி தெய்வானை அக்கா. அன்றைக்குத்தான் நான் அவரை முதலில் பார்க்கிறேன். குட்டையான, அதிகம் பேசாத பெண். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க டாக்டரம்மா, அந்த ஊசி பொம்பளைகளும் போட்டுக்கலாமுங்களா?”

“எதுக்குங்கக்கா கேக்கறீங்க?”

“நானும் கை உட்டனுங்க. அவரு சோளத்துக்குப் போயிருக்கறப்ப, மனசு கேக்காம நானும் உட்டுப் பாத்தனுங்க.”

எனக்குப் பகீர் என்றது. சென்னியப்பன் அண்ணன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவர் ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“என்னைத் தனியா அனுப்பிப்போடாதீங்க. எனக்கு ஆஸ்பத்திரி வழி தெரியாது” என்றார் அக்கா.

அண்ணன் எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ரங்கசாமி ஸ்டியரிங்கைக் கும்பிட்டார். அன்றைக்கு வேன் ஒரே தட்டில் கிளம்பியது.

5. ஊசி

வழியெல்லாம் அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் நேர்ந்துவிட்டதே, ஊட்டில் அடுப்புப் பற்ற வைக்கக்கூட ஆள் இல்லாமல் போய்விடுமே என்று நான்தான் மனதுக்குள் புலம்பிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் விவரம் கேட்டார். இரண்டு பேரும் மாட்டு வாய்க்குள் கை விட்டவர்கள் என்று நான் சொன்னேன். ஊசி போடும் அறைக்கு அனுப்பினார். திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. அதன் பக்கத்தில் நர்ஸ் அம்மா, கொதிநீரில் போட்ட ஊசிகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டைப் பார்த்ததும் சென்னியப்பன் அண்ணன் திரும்பிச் சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டு போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தார். அவ்வளவு அக்கறையாக அதைப் படித்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

“மொதல்ல ஆரு?” என்றார் நர்ஸ்.

“நானுங்க” என்று தெய்வானை அக்கா பெஞ்சில் ஏறிப் படுத்தார். சேலையை வயிற்றிலிருந்து ஒதுக்கினார். நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். ஊசியைக் கையில் எடுத்தார். அக்கா கண்ணை மூடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு ஆடாமல் படுத்திருந்தார்.

“சிஸ்டர், நிறுத்துங்க.”

போஸ்டரைப் பார்த்தபடியேதான் சொன்னார் அண்ணன்.

“அவளுக்கு வேண்டாமுங்க. அவ கை உடலீங்க.”

“அவங்களே உட்டன்னு சொல்றாங்களே?”

“அவ ஊர்லயே இல்லீங்க. உடுமலைப்பேட்டையில அவ அண்ணன் ஊட்டுக்கு ஒறம்பரையாப் போயிருந்தா. மாடு செத்த பொறவுதான் வந்தா.”

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன வெளையாடறீங்களா? வயித்துல போடற ஊசி, வாழைப்பழமா? தேவையில்லாம ஆராச்சும் போட்டுக்குவாங்களா?”

தெய்வானை அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தார். சேலையைச் சரி செய்துகொண்டார். பொய் பிடிபட்ட வெட்கம் முகத்தில் துளியும் இல்லை. கணவனைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்.

“அப்ப நீங்க படுங்க.”

படுத்தார். சோளம், மாடு, கடி என்று எதையும் பேசவில்லை. சட்டையைத் தூக்கினார், ஒரு கையால் கண்ணை மூடினார், இன்னொரு கையால் மனைவி கையைப் பிடித்தார். ஊசி இறங்கியபோது அந்தப் பெரிய மனிதர் “ஆத்தா” என்று கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டது. அவர் பிடித்த பிடியில் அக்கா கையில் இருந்த கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து தரையில் விழுந்தன.

வளையல் உடைந்ததைப் பார்த்து எனக்குத்தான் திக்கென்றது. நம் பக்கத்தில் சுமங்கலி கை வளையல் அப்படி உடைந்தால் யாருக்கும் மனசு துடிக்கும். குனிந்து பொறுக்கப் போனேன்.

“இருக்கட்டும் உடுங்க டாக்டரம்மா” என்றார் அக்கா. “அவரு இருந்தா வளையலா கெடைக்காது?”

நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நாளைக்கும் வரோணும்” என்று அதட்டினார்.

திரும்பும்போது அண்ணன் முன் சீட்டில் ரங்கசாமி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் நான் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். “அவரு தடுக்காம இருந்திருந்தா? சும்மா ஊசி குத்திக்கிட்டிருப்பீங்களா?”

“குத்திக்குவேனுங்க.”

“வந்ததுக்கப்பறம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா எந்திருச்சு வந்துருவாருங்க. அவருக்கு ஊசின்னா சின்ன வயசுல இருந்து பயமுங்க. மாடு கடிக்கல, சோளம் அறுக்கோணும்னு பேசுன நாயமெல்லாம் அதுக்குத்தானுங்க. ஊரே கும்பிடற கை. பயமா இருக்குதுன்னு அவரு ஆருகிட்டச் சொல்லுவாரு?”

நானும் டாக்டரும் இரண்டு நாளாக அவருக்கு வியாதியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அவருக்கு வியாதி புரியாமல் இல்லை. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டோமே தவிர, எதைச் சொல்ல முடியாமல் இருக்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

6. அதற்குப் பிறகு

பரிசோதனை முடிவு வந்தபோது அவர் பாதி ஊசியைத் தாண்டியிருந்தார். வெறிதான் என்று உறுதியாகிவிட்டது. டாக்டர் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டார். நான் வெளியே போய்க் கூண்டுகளைக் கழுவினேன்.

ஒரு நாள்கூட விடாமல் தெய்வானை அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வழி தெரியாது என்று சொன்ன அதே அக்காதான். ஒவ்வொரு நாளும் அண்ணன் கத்தினார். கடைசி நாள் நர்ஸ் அம்மாவுக்கு ஒரு கூடை மாங்காய் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வேலை முறையே மாறியது. ‘யாரை நாய் கடித்தது’ என்று கேட்பதை விட்டோம். ‘யார் தொட்டீர்கள், யார் வாயைத் திறந்து பார்த்தீர்கள், யாருக்குக் கையில் கீறல் இருக்கிறது’ என்று கேட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வதைக் கடிபட்டவரிடம் மட்டும் சொல்ல மாட்டேன். ஊட்டில் இருப்பவரைத் தனியாகக் கூப்பிட்டு, “இவருக்கு எதுக்குப் பயம்?” என்று கேட்பேன். புருஷன் வெளியே சொல்லாதது பெண்டாட்டிக்குத் தெரியும், அம்மா சொல்லாதது மகளுக்குத் தெரியும். அந்த ஒரு கேள்வி காப்பாற்றிய குடும்பங்கள் உண்டு.

கை விடுகிற பழக்கம் மட்டும் சுலபத்தில் போகவில்லை. மாடு எச்சில் விட்டால் கையை விட்டுப் பார்க்கிறவர்கள் அப்போதும் இருந்தார்கள். மைக்கில் நான் கத்தியதால் அது குறையவில்லை. குறைத்தது சென்னியப்பன் அண்ணன்தான். மாட்டுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது என்று எங்கிருந்து கூப்பிட்டாலும் அவர் போவார். போய்த் தூரத்தில் நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நாய் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணுங்க, டாக்டர் வந்து பாக்கட்டும்” என்பார். ஏற்கெனவே எவனாவது கையை விட்டிருந்தால், அங்கேயே சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, பிடித்த பிடியாக வேனில் ஏற்றிவிடுவார்.

ஒரு தடவை நானும் அங்கே இருந்தேன். இருபத்தைந்து வயசு இருக்கும் ஒரு வாட்டசாட்டமான ஆள், புதுசாகக் கல்யாணம் ஆனவன். கையை விட்டுவிட்டான், ஊசிக்கு வர மறுக்கிறான். மாடு கடிக்கவில்லையாம். அவன் பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். சென்னியப்பன் அண்ணன் ஊர் கூடி நிற்கிற இடத்தில் சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைக் காட்டினார். தழும்பு ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

“வலிக்குமுங்களாண்ணா?” என்று அவன் கேட்டான்.

“வலிக்கும். அளுதேன். தெனமும் அளுதேன். ஊட்டுக்காரி கையப் புடிச்சுட்டு அளுதேன்” என்றார் அண்ணன். “உனக்கும் கையப் புடிக்க ஆளு இருக்குதல்ல? வண்டில ஏறு.”